சேற்றுக்கு ஒரு டயர், தார் ரோட்டுக்கு ஒரு டயர்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம் அது. புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பால் சேகரிக்கிறேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மாடு வளர்ப்பவர்கள் காலையில் கறந்து வைக்கும் பாலை என் பழைய கெப் வண்டியின் பின்பெட்டியில் கேன் கேனாக ஏற்றி, கம்பளையில் உள்ள பால் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. பொம்பளை கெப் ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள்கூட, பிறகு என் ஹோர்ன் சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரத் தொடங்கினார்கள்.

அந்த மழையில் என் மானம் போனது. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏறும் கடைசித் துண்டு ரோடு வெறும் செம்மண். என் டயர்களோ தேய்ந்து மொட்டையாகியிருந்தன. பாதி ஏற்றத்தில் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி பின்னுக்கு வழுக்கும். நான் ஏற முடியாத நாட்களில் மேலே உள்ள பால் அவ்வளவும் வீண். காத்திருந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மழைத்தண்ணீர் ஓடும் கானில் ஊற்றினார்கள். ஒரு வீட்டில் மாட்டை விற்றே விட்டார்கள். மற்ற வீடுகளிலும் அதே பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்ததும் இனி டயரை மாற்றியே ஆக வேண்டும் என்று புரிந்தது. அந்த மாடுகள் போனால் அவர்களுக்கும் வழியில்லை, எனக்கும் தொழிலில்லை.

என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார்: மட் டயர் போட வேண்டும். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறும் என்றார். பார்க்கவும் கெத்தாக இருக்கும் என்பது அவர் வெளியே சொல்லாத காரணம். ஓல் டெரெயின் என்று இன்னொரு வகை உண்டு, ஏ.டி. டயர் என்பார்கள். தார் ரோட்டிலும் கல் ரோட்டிலும் நன்றாக ஓடும், ஆனால் ஆழமான சேற்றில் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது சேறு ஏறுவது. ஆகவே நானும் மட் டயர்தான் என்று முடிவு செய்துகொண்டு, நல்ல சாமான் கிடைக்கும் என்று யாரோ சொன்ன மடவளை ஊர் டயர்க் கடைக்கு அவரோடு போனேன்.

கடைக்காரரை, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல, நானா என்று கூப்பிட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, ஒரு நாளைக்கு சேத்துல எவ்வளவு தூரம் ஓடுறீங்க, தார் ரோட்டுல எவ்வளவு தூரம் ஓடுறீங்க?" என்றார்.

சேறு ஒரு மைல்கூட இல்லை. மற்றதெல்லாம் கம்பளைக்கு இறங்கும் வளைவு ரோடு. சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த ஒரு மைலில்தான் என் பிழைப்பே இருக்கிறது என்று கொஞ்சம் சூடாகவும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியில் இருந்த சாவியை எடுத்து நீட்டினார். "என்ட கெப்புக்கு மட் டயர்தான் போட்டிரிக்கி. கராம்புத் தோட்டத்துக்குப் போறதுக்கு. மழையும் பெய்யுது. ஒருக்கா ஓட்டிப் பாருங்க. நானும் வாறன்."

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் யாராவது இப்படி வண்டியைக் கொடுப்பார்களா? வீட்டுக்காரர் பிளேன்டீயோடு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓட்டினேன். டயர் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தது. முதல் வளைவு தாண்டியதும் ஒரு குறுக்குப் பாதையிலிருந்து ஓட்டோ ஒன்று திடீரென்று வெளியே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. கட்டைப் பல் ஈரத் தாரில் பிடிக்காமல் அப்படியே சறுக்கிக்கொண்டு போனது. ஓட்டோவில் ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நானா வாய்க்குள் ஏதோ ஓதினார். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டோவைப் போகவிட்டேன். நானாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவுக்கு வரும்டு நானும் நினைக்கல்ல. இனி நீங்களே சொல்லுங்க, தங்கச்சி."

ஏ.டி. டயர் போட்டுக்கொண்டு திரும்பினோம். கம்பளைக்கு இனிப் பயமில்லாமல் போகலாம். ஆனால் மேல் டிவிசனுக்கு என்ன பதில் சொல்வது? மழை நாளில் வர மாட்டேன், மாட்டை வித்துருங்க என்றா? வீட்டுக்காரர் தோளைத் தட்டினார், அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை கெப்பைக் கீழே நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்தே ஏறினேன். முதல் லயத்து வாசலில் அக்கா ஒருவர் பால் வாளியோடு நின்றார். அங்கே இரண்டு மாடு வைத்திருப்பவர். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த டயர் கல் போட்ட ரோட்டில் ஏறும், சேற்றில் ஏறாது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அட, இதுக்கா இம்புட்டு நாளா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு திரிஞ்சீங்க?" என்றார் அக்கா. "நீங்க டயரு மாத்துவீங்க, வண்டி மாத்துவீங்கன்னு நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம். கல்லுதானே வேணும்? ஒரு நாளாவது எங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டீங்களா?"

உண்மையிலேயே அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரமதானம், எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, ஓடைக்கரையில் குவிந்து கிடந்த கல்லை எடுத்தார்கள். அலவாங்கு, மண்வெட்டி, கூடை என்று வீட்டுக்கொருவர் வந்து, சில்லு ஓடும் இரண்டு தடத்திலும் கல்லைப் பரப்பி இடித்தார்கள். அடைத்துக் கிடந்த கானையும் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். மாட்டை விற்ற அந்த வீட்டு மனிதர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று கல் சுமந்தார். அவரைப் பார்க்கத்தான் எனக்கு மனம் தாளவில்லை.

திங்கட்கிழமை நல்ல மழை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரில் ஏற்றினேன். பாதி ஏற்றத்தில் சில்லு லேசாகத் தடுமாறியது, பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டது. மேலே எல்லா வாளியிலும் பால் நிறைந்திருந்தது. மாட்டை விற்றவர் இந்த வருடம் ஒரு கன்று வாங்கியிருக்கிறார். தனியாகக் கிடந்து ஒன்றோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் இப்போது நான் முதலில் செய்வது, எனக்காகக் காத்திருப்பவர்களிடமே போய், என்னால் தனியாக முடியவில்லை என்று சொல்வதுதான்.