அக்கா இறக்கிய பேய் முகம்

என் வேலை மேசையின் வலது ஓரத்தில், தெர்மாகோல் தலை ஒன்றின் மேல், ஒரு பேய் முகமூடி மாட்டியிருக்கிறது. அழுகிய பச்சைத் தோல், பிளந்த வாய், கீழ் வரிசையில் நான்கு பழுப்புப் பற்கள். ரப்பர் பாலை அச்சில் ஊற்றி வார்த்தது. இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு இருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியும். அங்கே விரல் பட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ரப்பர் பேயைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தக் கோபம் பேய் மேல் இல்லை. என் அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும்.

அப்போது நான் பெரம்பலூரில் பல் கட்டும் லேப் ஒன்றில் வேலை பார்த்தேன். பீங்கான் பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்தைக் கொண்டுவருவது என் வேலை. எங்களுக்கு வேலை அனுப்புகிற பல் டாக்டர் ஒருவருக்கு ஒரு விசித்திரமான ஆசை இருந்தது. வெளிநாட்டுப் பேய் முகமூடிகளை வாங்கிச் சேர்ப்பார். அதில் ஒன்றுதான் இது. மிகக் கொஞ்சமாக வார்த்தார்களாம், கழுத்துக்குள் எண் போட்டிருக்கும். காது மடல் கிழிந்து, நெற்றியில் வண்ணம் உரிந்திருந்த இதை ஒருநாள் என்னிடம் நீட்டி, பல்லுக்கு நிறம் கொடுக்கிறவனுக்கு இது வராதா என்று கேட்டார். வந்தது. வீடியோ பார்த்தும், வெடித்துப்போன ரப்பர் பலூன்களில் ஒட்டிப் பழகியும், மூன்று வாரத்தில் செய்து முடித்தேன். அதற்குள் டாக்டர் மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன், பத்திரம் என்றார். என்னை நம்பி ஒருவர் ஒரு பொருளை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

நான் குடியிருந்த அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பங்குனி வெயிலுக்கே உள்ளே உட்கார முடியாது. ரப்பருக்குச் சூடு ஆகாது. அரியலூரில் அக்காவும் மாமாவும் வாடகைக்கு இருந்த ஓட்டு வீடு குளுமையாக இருக்கும். முகமூடிக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெயில் படக் கூடாது, மேலே எதையும் வைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். மாமாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மாமா அப்போது ஊருக்கு வெளியே சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகிற சாலை, செடிகொடியெல்லாம் வெள்ளைத் தூசி. கட்டுகிற வீட்டுக்குக் கண் பட்டுவிடும் என்று எல்லோரும் வாசலில் பூசணிக்காய் கட்டுவார்கள், கரிச்சட்டியில் வெள்ளைப் புள்ளி வைத்துக் கவிழ்ப்பார்கள், வைக்கோல் பொம்மை நிறுத்துவார்கள். மாமாவுக்கு அதெல்லாம் போதவில்லை. மச்சினன் வைத்துவிட்டுப் போன வெளிநாட்டுப் பேயை எடுத்துப்போய்ப் போர்ட்டிகோவுக்கு மேலே மூங்கிலில் குத்தி நிறுத்திவிட்டார். அக்கா எனக்குச் சொல்லப் பயந்து, ஒரு மாதம் கழித்துத்தான் போன் செய்தாள். நடுவில் கத்திரி வெயில் முழுக்க அதன் மேல் அடித்திருந்தது.

லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். பூசணிக்காய்க்கும் கற்றாழைக்கும் நடுவில், டாக்டரின் முகமூடி தூசி படிந்து, வாய் ஓரம் வெடித்து, கன்னம் தொங்கி நின்றது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகிறது என்று பெருமை வேறு. அது என்னுடையது இல்லை, இன்னொருவர் பொருள் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கையை ஆட்டிவிட்டார்.

"பேய் மூஞ்சிதான மாப்ள. கிரகப்பிரவேசம் முடியட்டும், கழட்டித் தரேன். நடுவுல எறக்குனா வூட்டுக்கு ஆகாது."

நான் அப்போதே ஏணி போட்டு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அக்கா வாழ்கிற வீடு, மாமா மனம் கோணக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். கிரகப்பிரவேசம் முடிந்தால் அந்தத் திருஷ்டிப் பொருளை எல்லாம் முச்சந்தியில் போட்டுக் கொளுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் ஏறாத இடத்தில் அக்கா ஏறினாள். அப்போது அவளுக்கு நான்காவது மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. மாமா ஜல்லிக்குச் சொல்லப் போயிருந்த ஒரு மத்தியானம், கைப்பிடி வைக்காத படிக்கட்டில் மாடிக்கு ஏறி, தொரட்டியால் இழுத்து முகமூடியை எடுத்திருக்கிறாள். அதற்குப் பதிலாக ஒரு கரிச்சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். பழைய புடவையில் சுற்றி, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுத்தாள். வறவறவென்று வெடித்துப்போயிருந்தது, அதனால் நாலு நாளாகத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன் என்று சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நம் வீடுகளில் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், குதிகால் வெடிப்புக்கும் தேங்காய் எண்ணெய். ரப்பருக்கு அது விஷம், ஊறினால் கொழகொழத்துவிடும். வெயிலைச் சொன்ன நான் எண்ணெயைச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்ல மனம் வரவில்லை. நல்ல வேலை செய்தாய் அக்கா என்றேன்.

அடுத்த வாரம் அவள் விழுந்தாள். புதிதாகப் போட்ட கான்கிரீட் காயாமல் இருக்கத் தினமும் மாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடத்தோடு இறங்கும்போது சிமெண்ட் தண்ணீர் வழுக்கி, பிடிக்க ஒன்றுமில்லாமல், நான்காவது படியிலிருந்து பக்கவாட்டில் செங்கல் குவியலில் விழுந்தாள். இடுப்பெலும்பு விரிசல் விட்டது. குழந்தை போய்விட்டது. பிறகு வேறு எதுவும் தங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாருமே படிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. வாசலுக்குச் சிங்க முகம் வைத்த இரும்பு கேட் முதலிலேயே வந்து இறங்கியிருந்தது, கைப்பிடி மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றது. அதை நான் சொன்னேன். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்ற சொந்தத்திடம், ஏதோ அறிவிக்கிற மாதிரிச் சொன்னார்.

"திருஷ்டிய எறக்குனா. அது அவ மேலயே எறங்கிடுச்சு."

தலைகள் ஆடின. என் அம்மாவின் தலையும் ஆடியது. நான்கு கம்பியும் ஒரு குழாயும் இருந்திருந்தால் நின்றிருக்க வேண்டிய உயிரை ஒரு ரப்பர் மூஞ்சியின் கணக்கில் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார்களே என்று கத்தினேன். என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் என்னை உடைத்தது மாமாவின் பேச்சு இல்லை. மறுநாள் அக்கா கட்டிலில் கிடந்தபடி, உதடு காய்ந்து, "நான் அத எறக்கியிருக்கக் கூடாதுடா" என்றாளே, அதுதான். எனக்காக ஏறியவள். அவளே நம்பிவிட்டாள்.

நான் அவளைக் கெடுத்தவன் என்றாகிவிட்டது. அவள் என் வீட்டுக்கு வரக்கூடாது, அந்த மூஞ்சி இருக்கிற இடத்தை மிதிக்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார்.

முகமூடியைக் கோபத்தோடுதான் பழுது பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து எண்ணெயை எடுத்தேன். கன்னம் மீளவில்லை. கொழகொழத்த இடத்தை வெட்டி எறிந்தேன். உள்பக்கம் புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணியை வைத்து, ரப்பர் பாலைப் பஞ்சால் ஒற்றி, காய விட்டு, மறுபடி ஒற்றி, பதினாறு பூச்சு. ஒட்டாமலிருக்க முகப்பவுடர். பிறகு வண்ணத்தை ரப்பர் பாலிலேயே கலந்து, தண்ணீராக நீர்த்து, ஸ்பாஞ்சால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினேன். மஞ்சள், அதன் மேல் பச்சை, பள்ளங்களில் காய்ந்த ரத்தத்தின் நிறம். நரம்புகளை ஒற்றை முடித் தூரிகையால் இழுத்தேன். பற்களுக்கு வெற்றிலைக் கறை கொடுத்தேன், அது என் தொழில். ஒவ்வொரு பூச்சுக்கும் மாமாவை ஒரு வார்த்தை திட்டினேன். அந்த முகத்தில் இருக்கிற பயங்கரத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

டாக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டையும் நானே தடவிக் காட்டினேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் பாதி உன் கை, நீயே வைத்துக்கொள் என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவர் சொல்லித்தான் மற்ற சேகரிப்பாளர்கள் என்னைத் தேடி வந்தார்கள், லேப் வேலையை விட்டேன், இன்று இதுவே பிழைப்பு. அக்கா விழுந்ததில் எனக்குப் பிழைப்பு கிடைத்தது என்பதை நினைத்தால் அந்தச் சோறு சில நாள் இறங்காது.

ஏழு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் மாமா போன் செய்தார். மாடி எடுக்கப் போகிறாராம். குரலில் தேன் ஒழுகியது.

"மாப்ள, அந்த மூஞ்சிய ரெண்டு மாசத்துக்குக் குடு. அது நின்ன வரைக்கும் வேலை தடையில்லாம நடந்துச்சு. ராசியான மூஞ்சி."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, படிக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டதா என்று மட்டும் கேட்டேன். மாடி முடிந்ததும் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவர்சில்வரில் போட்டுவிடலாம் என்றார். ஏழு வருடமாக என் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து அந்தப் படியில் துணி காயப்போட ஏறி இறங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எறையூர்க்காரரான ஒரு வெல்டரையும், குழாய்களையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். முகமூடி எங்கே என்றார் மாமா. அது வராது, இது வந்திருக்கிறது என்றேன். இன்றைக்கு நாள் சரியில்லை, என்னைக் கேட்காமல் என் வீட்டில் துளை போடுவாயா என்று தெருவுக்குக் கேட்கிறமாதிரிப் பேசினார். நானும் பேசினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தார்களே, அந்த மீதியை அவர் வாசலில் நின்று முழுசாகப் பேசி முடித்தேன். வெல்டர் பாவம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அக்கா உள்ளேயிருந்து வந்து, "நீங்க போடுங்கண்ணே" என்று அவரிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் கைப்பிடி நின்றது. அக்கா மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி போனாள். மாமா வீட்டுக்குள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

நேற்று அக்கா பெரம்பலூர் வந்தாள். யாரிடமும் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இந்த மேசைக்கு வந்தாள். பேய் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நெற்றி, மூக்கு என்று தடவிக்கொண்டே வந்து, கன்னத்தில் அந்த ஒட்டின் மேல் விரலை நிறுத்தினாள். அங்கே என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். எண்ணெய் தடவியதால் அழுகிவிட்டது, வெட்டி எடுத்தேன் என்றேன்.

விரலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருமுறை மெதுவாகத் தடவினாள்.

"அப்ப இது மட்டுந்தான்டா என் தப்பு" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். "இது மட்டுந்தான்."