உலையருகே கேட்ட ஆள் மணி

“சுவிட்ச் கண்ணுக்கு எதிர்லயே இருந்துச்சே மாமா. கையை இன்னாத்துக்கு எடுத்தீங்க?”

“மணி அடிச்சதுடா.”

“இன்னா மணி? மைன்ஸ் மூடி இருபது வருஷம் தாண்டிடுச்சு.”

இட்டுக்கட்டின கதை என்பவர்கள் எங்கள் ஸ்கெலட்டன் லைனில், மைன்ஸ்காரர் குடியிருப்பில், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அன்றைக்கு ஒரு வீட்டிலும் டி.வி. ஓடவில்லை, எல்லாக் காதும் இந்தச் சண்டையில்தான். கத்தினவன் ரவிகுமார். வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவன் அக்கா புருஷன் தாமோதரன். அவர் மகள் ராதிகாவைத்தான் ரவிக்குப் பேசி முடித்திருந்தது. பாலகாட்டில், மூடின மைன்ஸ் மேலேயே, மாமனும் மச்சானும் போட்ட ஷெட்டிலிருந்து முதல் சரக்கு நல்லபடியாகப் போனால் ஆவணியில் கல்யாணம்.

சரக்கு, டிரான்ஸ்ஃபார்மருக்குள் வைக்கும் உலோகக் கண்ணாடி நாடா. பேர்தான் கண்ணாடி, பார்த்தால் பளபளக்கும் தகடு. உருக்கின உலோகத்தை நொடியில் உறையவைப்பதால், அணுக்கள் வரிசை பிடிக்க நேரமில்லாமல் ஷிஃப்ட் விட்ட கூட்டம் மாதிரி கலைந்தபடியே நின்றுவிடுமாம். அதைச் சுருட்டி கரண்ட் உலையில் இதமாகச் சுட வேண்டும். சூடு எல்லை மீறினால் அணுக்கள் நகர்ந்து வரிசை கட்டிக்கொள்ளும். படிகமாகிவிடும். அப்புறம் அது அப்பளம்தான். ரவி தெருவுக்கே பாடம் எடுத்திருந்தான்.

அன்று மத்தியானம் அவன் பங்காருபேட்டை போயிருந்தான். தாமோதரன் தனியாக உலைக்கு முன்னால். சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் ஏறி, எல்லைக் கோட்டைத் தொட்டது. அணைக்கக் கை நீட்டினார்.

டங்... டங்... டங்.

தரைக்கு அடியிலிருந்து.

மூன்று மணி என்றால் ஆள் மணி. சுரங்கத்துக்குள் போய்வரும் கூண்டில், கேஜில், ஆள் ஏறியாச்சு. மைன்ஸ் மூடும்வரை வைண்டர் ரூமில் அந்தக் கேஜை ஏற்றி இறக்கும் மோட்டாரை ஓட்டினவர் அவர். ஒற்றை மணி வரும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது. தொட்டால் ஷாஃப்டில் ஆள் செத்தான். கை தானாக விலகியது. மகள் கல்யாணம் அந்தக் கைக்குத் தெரியுமா?

முள் கோட்டைத் தாண்டியது.

தொட வேண்டும். தெரிந்தது. முடியவில்லை.

உலைக்குள் சரக்... சரக்... பூட்ஸ் கால்கள் நகர்ந்து வரிசை பிடிப்பது போல.

முள் துள்ளியது.

டங்.

அணைத்தார். சாயங்காலம் ரவி நாடாவை மடித்தான். பொடிப்பொடியாகக் கையில் வந்தது.

“பேயைச் சொல்லித் தப்பிக்கிற வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்” என்று அக்கா ரத்தினம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். அவள் தம்பிக்கு அழுவாளா, புருஷனுக்கா? சோறு மட்டும் புருஷனுக்கு நின்றுபோனது.

ஆவணியும் போனது. அப்புறம்தான் குழாயடியில் ஜெயமேரி வாயைத் திறந்தாள். அவள் புருஷன் லைன்மேன். நாடா பொடியான அன்றைக்குக் காலையில் பாலகாட் கரண்ட் லைனில் பிடுங்கின ஃபியூஸை இருட்டின பிறகுதான் மாட்டினாராம்.

ஷெட்டில் ஜெனரேட்டர் கிடையாது. அப்போ மத்தியானம் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது எந்தக் கரண்டில்?

ரத்தினம்மா தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஓசூரில் அவனுக்கு அன்றைக்குத்தான் தாலி கட்டு. தை மாசம் ராதிகாவை ரெண்டாந்தாரமாகக் குப்பம் டவுனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.