வெங்கார மாஸ்டர்

அந்தப் பட்டப்பெயரை வைத்ததே ரத்தினசாமிதான். பின்னாளில் அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

சென்னையில் ரசாயனம் படித்தபோது அவரும் முனீர் அகமதுவும் ஒரே பெஞ்சு. மார்க்கில் முந்தியவர் ரத்தினசாமி. படிப்பு முடிந்ததும் ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் கெமிஸ்ட் ஆனார். கோட்டும் பெயர்ப்பலகையும் கிடைத்தன. முனீரோ வாணியம்பாடியில் ஒரு ஓட்டுக் கொட்டகையைப் பிடித்து, தட்டார்கள் நகை பற்றவைக்கிற வெங்காரத்தைக் கரைத்து அதில் தோல் துண்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வெங்கார மாஸ்டர், தோலுக்குக் கொலுசு செய்றியா?" என்று ரயிலடியில் எல்லோர் முன்னாலும் கேட்டார் ரத்தினசாமி. எல்லோரும் சிரித்தார்கள். முனீரும் சிரித்தார்.

வருஷங்கள் ஓடின. குரோம் உப்பில் பதனிட்ட தோலில் அமிலம் தங்கினால் அது நாளடைவில் இற்றுப்போகும். சலவைச் சோடா அமிலத்தை எடுக்கும்போதே தோலின் மேல்முகத்தையும் கெடுக்கும். வெங்காரம் பையப் பைய உள்ளே இறங்கி அமிலத்தை மட்டும் எடுக்கும். எந்தத் தோலுக்கு எவ்வளவு என்று முனீர் கண்டுசொன்ன அளவைப் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் பின்பற்றினார்கள். அவருடைய கட்டுரை சீமைப் பத்திரிகையில் வந்தது. ரத்தினசாமி அதை வரவழைத்துப் பிழை தேடினார். ஒன்றும் அகப்படாததில் இன்னும் கோபம்.

கடைசியில் சொந்த முதலாளியே சொன்னார்: "ரத்தினம், நம்மளும் வெங்கார மாஸ்டர் அளவுல ஒரு டிரம் ஓட்டிப் பாக்கலாம்பா."

அது சரிப்பட்டுவிட்டால் இந்த டேனரிக்குத் தான் எதற்கு? ரத்தினசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் சுழலும் டிரம்மிலிருந்து தோல்கள் மேல்முகம் தளர்ந்து, சொரசொரவென்று வந்தன. அன்று மதியம் ரத்தினசாமி பிரியாணியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டேனரிக்காரர்கள் அப்துல் ஹமீதின் டேனரியில் கூடினார்கள். முனீரை வரவழைத்திருந்தார்கள். அவர் தோலைத் தடவித் தடவிப் பார்த்தார். "அளவு சரிதான். ஏன் இப்படி ஆச்சுன்னு புரியல."

ரத்தினசாமிக்குப் புரிந்திருந்தது. மிச்சமிருந்த மூட்டையைக் காலையிலேயே பிரித்துப் பார்த்திருந்தார். வாங்கப் போனவன் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் சுத்தி செய்ததே உசத்தி என்று, மருந்துக்குப் பொரித்துவைத்த வெங்காரத்தைக் கொடுத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் போதும், முனீரின் கதை முடிந்தது.

அப்போது ஜியாவுல்லா என்ற டேனரிக்காரர் கேட்டார்: "நம்ம கெமிஸ்டுக்கும் தெரியலியா? ரெண்டு பேரும் படிச்சு இன்னாத்துக்குப்பா?"

இவனையும் என்னையும் ஒரே தட்டிலா?

"யாருக்குத் தெரியல?" ரத்தினசாமி துள்ளி எழுந்தார். மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி நீட்டினார். "பாருங்க, பொரி மாதிரி இருக்குது. வெங்காரத்துல பாதி எடை தண்ணிதான். பொரிச்சா அது ஆவியாப் போய்டும். அதே எடை போட்டா வேகம் ரெட்டிப்பு!"

அந்தப் பிடி வெங்காரம் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போனது.

"அப்போ மாஸ்டர் அளவு தப்பில்ல!" என்றார் அப்துல் ஹமீத். எல்லோரும் முனீரைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முனீர் ரத்தினசாமியின் கையைப் பிடித்தார். "கிளாஸ்ல நீ மொதலாச்சே, தோஸ்த்!"

அடுத்த வாரம் பொரிக்காத வெங்காரத்தில் தோல் பூப்போல வந்தது. டிரம் ஓட்டுகிறவர்கள் ரத்தினசாமிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: பொரி மாஸ்டர்.

வெங்கார மாஸ்டர் என்பது எவ்வளவு கம்பீரமான பெயர் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.