மாமாவின் கண்ணும் சொட்டு மருந்தும்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறதென்று எங்கள் ஊர் காஜா பேராங் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டின் ஒரே கவலை மாமாவின் கண்கள்தான். மாமா அம்மாவின் தம்பி. ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் வேலை. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். கள்ளைத் தொடாத மனிதர்தான், ஆனாலும் பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும், "மாப்பிள்ளை தண்ணி போடுவாரோ?" என்று கைகழுவிவிட்டார்கள்.

மூன்றாவது இடம் செமாபோக் என்ற ஊரில். இதை விடுவதில்லை என்று மாமா சீன மருந்துக்கடையில் கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அடேயப்பா! விட்ட கொஞ்ச நேரத்தில் கண் பளிச்சென்று வெளுத்தது. மாமா கண்ணாடியை விட்டு நகரவில்லை. மாலையில் பார்த்தால் முன்னைவிடச் சிவப்பு. மறுபடி விட்டார், வெளுத்தது. மறுபடி சிவந்தது. "மருந்து பத்தலக்கா" என்று இன்னொரு போத்தல் வாங்கினார். அந்த வாரம் முழுக்க யார் கூப்பிட்டாலும் அண்ணாந்தபடியேதான் பதில் சொன்னார்.

பெண் பார்க்கப் போன அன்று கண் கோவைப்பழம். பயத்தில் வழியெல்லாம் விட்டுக்கொண்டே வந்ததில் கண்பாப்பா அகலமாக விரிந்து, வெயில் கூசி, எதிரே எல்லாம் மங்கிவிட்டது. என் தோளைப் பிடித்து நடந்தவர், பெண்ணின் அப்பாவை விட்டுவிட்டு வாசல் தூணுக்குக் கும்பிடு போட்டார். பெரியவர் முகம் சுண்டிவிட்டது.

"காலையிலயேவா?" என்று அவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. போச்சு, கேசரியாவது கொடுப்பார்களா என்று எனக்குக் கவலை.

பெண் கோப்பி கொண்டுவந்தாள். மாமா தட்டுக்குப் பக்கத்தில் காற்றைத் துழாவினார். அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்து, கோப்பையை அவர் கையிலேயே கொடுத்து, "சூடு, பாத்துப் பிடிங்க" என்றாள். அப்போதுதான் மாமாவின் சட்டைப்பையில் இருந்த மருந்துப் போத்தல் அவள் கண்ணில் பட்டது.

"அப்பா, இது கள்ளு இல்லப்பா, கண்ணு மருந்து! நம்ம அண்ணனுக்கும் இப்படித்தான ஆச்சு? விட விடச் சிவக்கும், நிறுத்துனாத்தான் சரியாவும்."

பெண்ணின் அப்பா குனிந்து மாமாவை மோந்தே பார்த்துவிட்டார். பிறகு அசட்டுச் சிரிப்பு. பிறகு கேசரி.

திரும்பும் பஸ்ஸில் அம்மா, "பொண்ணு புடிச்சிருக்காடா?" என்று கேட்டாள்.

"ரொம்பப் புடிச்சிருக்குக்கா."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்! நீங்க எங்க பாத்தீங்க? அவங்க மூக்கு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க!"

மாமா கோப்பை வாங்கிய கையைப் பார்த்துச் சிரித்தார். மூக்கைக்கூடப் பார்க்காமல் ஒருத்தியை எப்படிப் பிடிக்கும் என்று வீடு வரும்வரை நான் அவரோடு சண்டை போட்டேன்.