‘க’ என்கிற சாவி

ரகசியச் செய்தி எழுதும் கலையான மறையாக்கத்தின் முதல் வகுப்பில் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சாவி மட்டும் அவன் கையில் சிக்கக்கூடாது. கல்லூரியில் இதை நடத்திச் சம்பளம் வாங்கும் எனக்கு, இது உறைத்தது கேரள எல்லையோரக் குன்னத்துகாலில், நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டின் சமையலறையில்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. மாமியாரும் நாத்தனாரும் என்னை எதிரே வைத்துக்கொண்டே ஒரு ரகசிய மொழி பேசுவார்கள். ஒவ்வொரு அசைக்கு முன்னாலும் ஒரு ‘க’. ‘மழை’ என்றால் ‘கம கழை’. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசுகிற பாஷை! தமிழும் மலையாளமும் கலந்து வேகமாகப் பேசினால் இவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்ற இளக்காரம் அவர்களுக்கு.

மறைமொழியை உடைப்பவர் முதலில் தேடுவது அடிக்கடி வரும் துண்டை. எனக்கு ‘க’ அகப்பட்டது. அதை உரித்து எறிந்ததும் சொற்கள் வெளியே வந்தன. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் ஒரு சொல் வந்தது: ‘கமச் கசி’. அதாவது, மச்சி.

எங்கள் ஊரில் மச்சி என்றால் மச்சினி. அடடா, உறவு சொல்லித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கல்லூரியில் நெய்யாற்றின்கரைக்காரத் தோழி ஒருத்தியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“டீச்சரே, மலையாளத்துல அது பிள்ளை பெறாதவளைச் சொல்லுறதாக்கும்.”

எழுத்தை மீட்டுவிட்டேன், எந்த மொழி என்று பார்க்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எத்தனை முறை பல்லைக் காட்டிச் சிரித்திருப்பேன்! நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லைதான். இருவருமே பரிசோதனை செய்துகொண்டோம். குறை என் கணவரிடம். யாருக்கும் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் என் தாயிடம்கூட மூச்சு விடவில்லை. அந்த மனிதர்தான் சாப்பாட்டு மேசையில் ‘கமச் கசி’ காதில் விழுந்தும் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அவரும் பேசி வளர்ந்த பாஷை அது.

தனியாக இருக்கும்போது கேட்டேன். “அவங்க சொல்லிட்டுப் போட்டும். நீ ஒண்ணும் சொல்லண்டாம். எனக்கு மானக்கேடாக்கும்” என்றார்.

என் மானத்தைப் பற்றி அவர் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடும்போது மீண்டும் அந்தச் சொல் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, அசைக்கு அசை ‘க’ போட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: குறை உங்கள் மகனிடம், அது அவருக்கும் தெரியும். நாத்தனார் தன் தம்பியைப் பார்த்தார். என் கணவர் தட்டைப் பார்த்தார். மாமியார் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக, என் தோளைத் தொட்டு, ‘க’ எதுவும் இல்லாமல் பேசினார்.

“மெல்லப் பேசு மக்கா, அடுத்த வீட்டுல கேட்டுரும்.”