எங்க கோயில் கதவுல ரெண்டு பூட்டு

பிரஸ் மை வாசனை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையோட சாயங்காலம் கம்பெனி வேன்ல இருந்து இறங்குனா, ரோட்டோரத்துல எங்க கோயில். கோயில்னா சர்ச்தான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். கதவுல ரெண்டு பூட்டு தொங்கும்...

ஒண்ணு எங்க தெக்குத் தெரு போட்டது. இன்னொண்ணு வடக்குத் தெரு போட்டது.

நான் சிவகாசியில காலண்டர் பிரஸ்ல வேலை பார்த்த காலம். ஊரு ஏழாயிரம்பண்ணை பக்கம். சண்டை ஆரம்பிச்சது அசனத்துல. வருசா வருசம் சபையார் எல்லாரும் சேர்ந்து ஆக்கிச் சாப்பிடுற விருந்து அது. முதல் அடுப்பை எந்தத் தெரு பத்த வைக்கிறதுன்னு வார்த்தை தடிச்சு, கமிட்டி உடைஞ்சு, கடைசியில பூட்டுல வந்து நின்னுச்சு. எங்க பக்கத்துக்கு எங்கப்பா. அந்தப் பக்கத்துக்கு அவரோட சித்தப்பா மகன், எனக்குத் தவமணி சித்தப்பா.

எனக்கோ கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துச்சு. மாப்பிள்ளை சாத்தூர். கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை பொண்ணோட கோயில்லயும் ஓலை வாசிக்கணும்... இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. பூட்டுன கோயில்ல யாரு வாசிக்க? லெந்து, அதான் ஈஸ்டருக்கு முந்துன நோன்புக் காலம், வந்துட்டா கல்யாணமும் வைக்க மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல "உங்க ஊர்ல என்னதான் நடக்கு?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்பத்தான் மதுரையில இருந்து ஸ்டெல்லா அக்காவும் சாமுவேல் சாரும் வந்தாங்க. சபைச் சண்டையைப் பேசித் தீர்த்து வைக்கிறதுதான் அவங்க வேலையாம். இப்படியும் ஒரு வேலையா! பாஸ்டர்தான் கூப்பிட்டாருன்னாங்க. அப்ப பாஸ்டர் யாரு பக்கம்..?

எங்க வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டோம். வேண்டாம்னுட்டாங்க. சித்தப்பா வீட்டுல கோழி அடிக்கிறோம்னாங்களாம், அங்கயும் போகல. பஸ் ஸ்டாப்புல பாய் கடை டீயும் பன்னும்தான். அப்பா விடுவாரா? வடக்குத் தெரு ஆளு யாரும் அவங்களைப் பார்க்க வந்தாங்களான்னு பாய்கிட்டப் போய் விசாரிச்சாரு.

"டீ குடிச்சாக, காசு குடுத்தாக. அதுக்கு மேல நான் என்னத்தக் கண்டேன் அண்ணாச்சி?"

அப்பாவுக்கு அந்தப் பதில்லயும் சந்தேகம்.

அதுவும் போக, வந்தவங்க ஒரு வரி கூட எழுதல. எழுதாம என்ன பஞ்சாயத்து? பைக்குள்ள போன்ல ரெக்கார்டு ஓடுதுன்னு அப்பா முடிவே பண்ணிட்டாரு. ஸ்கூல் வராண்டாவுல கூட்டம் நடக்கும்போது கேட்டே விட்டாரு. அக்கா சிரிச்சுக்கிட்டே பையைத் தொறந்து காட்டுனாங்க. தண்ணி பாட்டிலும் ஒரு துண்டும் இருந்துச்சு. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கல.

அவங்க வச்சது ஒரே ஒரு விதி. ஒருத்தர் பேசி முடிச்சதும் எதிர்ப்பக்கத்து ஆளு அதைத் திருப்பிச் சொல்லணும். பேசுனவர் "ஆமா, அதத்தான் சொன்னேன்"னு ஒத்துக்கிட்ட பிறகுதான் இவர் தன் நியாயத்தைப் பேசலாம்.

"அவன் சொன்னத நான் சொன்னா, நானே ஒத்துக்கிட்டேன்னு கேஸ் போடவா?"ன்னு அப்பா எகிறுனாரு.

மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் தப்புத் தப்பாத்தான் சொன்னாங்க. வேணும்னேதான். அக்கா சளைக்கல... "அவுக அப்படிச் சொல்லலைங்களே, இன்னொரு தடவ சொல்லுங்க." அப்புறம் சித்தப்பா தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

"அண்ணன் என்ன சொல்றாகன்னா... பெரியப்பா, அதான் அண்ணனோட அப்பா தவறுன வருசம், அவர நினைச்சு முத அடுப்ப அண்ணன் பத்த வைக்கணும்னு இருந்திருக்காக. நாங்க முந்திக்கிட்டோம். அம்புட்டு பேர் முன்னால அவுகளுக்குத் தலகுனிவாப் போச்சு."

அப்பா "ஆமா"ன்னாரு.

அடுத்து சித்தப்பா தன் பக்கத்தைப் பேசுனாரு. அதைத் திருப்பிச் சொல்ல அப்பா முறை வந்துச்சு.

"ஏலே தவமணி... உங்க தெருவ விறகு சுமக்கவும் அண்டா கழுவவுந்தான் கூப்பிட்டோம். அடுப்புகிட்ட ஒரு நாளும் நிக்க விடல. அதத்தானலே சொல்லுத?"

சித்தப்பா துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனாலும் உள்ளுக்குள்ள, இதுல ஏதும் நடிப்பு இருக்குமோன்னு ஒரு எண்ணம்...

அதோட முடிஞ்சதா? யாரு பூட்டை முதல்ல தொறக்கிறதுன்னு அடுத்த சண்டை! அக்காவும் சாரும் ஒண்ணும் சொல்லாம டீ குடிக்கப் போயிட்டாங்க. திரும்பி வரும்போது கதவு தொறந்து கிடந்துச்சு. முதல்ல தொறந்தது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ரெண்டு தெருவும் வாயைத் தொறக்கல.

ஓலை வாசிச்சாங்க. ஆட்சேபணை உண்டான்னு பாஸ்டர் கேட்டப்ப, நான் வடக்குத் தெரு பெஞ்சுகளைத்தான் பார்த்தேன். யாரும் எந்திரிக்கல.

கல்யாணத்துக்கு அக்காவும் சாரும் வரல. "வந்தா உங்க வீட்டு ஆளாயிருவோம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு நாங்க ரெண்டு தெருவுக்கும் வேணும்"னு அக்கா போன்ல சொன்னாங்க.

இப்ப ஊர்ல சத்தமே இல்ல. வடக்குத் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், எங்களுக்கு ஒண்ணு. அசனத்துக்கு கேட்டரிங் ஆர்டர். எதிர்ல பார்த்தா "ஸ்தோத்திரம்" சொல்லிட்டு நகர்ந்துர்றாங்க. அப்ப கத்திக்கிட்டாவது ஒரே வராண்டாவுல உக்காந்தோம்...

போன மாசம் எங்க குரூப்புல, அந்த அக்காவையும் சாரையும் மறுபடி கூப்பிடலாமான்னு கேட்டேன். உடனே ஒரு தம்பி போட்டான். "அவுக யாரு ஆளு அக்கா?"

யாரு ஆளும் இல்ல தம்பின்னு டைப் பண்ணுனேன். அனுப்பாம அழிச்சுட்டேன். என் கல்யாணமே அவங்களாலதான் நடந்துச்சு... நானே அவங்களை நம்பல. இவன் எங்க நம்பப் போறான்?