காப்பீட்டுப் படிவமும் பாதி மாத்திரையும்

முதலில் வலித்தது தாடை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு மேடேறும்போது இடது தாடையில் ஓர் இழுப்பு வரும். வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போய்விடும். பல் என்று நினைத்தேன். ஏற்காடு கடைவீதியில் மிளகும் கிராம்பும் காப்பித்தூளும் விற்கிற ஜுபைதா பல்வலிக்கு மருந்து தேடி அலைய வேண்டுமா என்ன? கிராம்பைக் கடித்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன்.

'எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெட்டி கட்டுகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் காப்பீட்டுப் படிவத்தை ஏஜென்ட் கையில் கொடுத்து, 'நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க' என்று சொல்லியிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

எங்கள் ஒரே மகள் ஹசீனா மெல்பர்னில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும், என் கணவர் இங்கே கடையைப் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. விசா வந்துவிட்டது. விமானத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். பயணக் காப்பீடு ஒன்றுதான் மிச்சம்.

அதற்காக வந்தவர் செல்வராஜ். நாகலூர்க்காரர். எஸ்டேட் ஜீப்புகளுக்கும் பைக்குகளுக்கும் இன்சூரன்ஸ் போடுகிறவர். எந்தக் கேள்வியையும் மூன்று முறை கேட்காமல் விடமாட்டார். கடையில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கல்லாப் பக்கம் படிவத்தை விரித்துவிட்டார். எனக்கு எரிச்சலான எரிச்சல். இருப்பதிலேயே மலிவான பாலிசியைத் தொட்டு, இது போதும் என்றேன். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது என்றார். எனக்குத்தான் நோயே இல்லையே என்றேன்.

"சர்க்கரைங்க?"

"இல்லீங்க."

"பிரஷருங்க?"

"அதெல்லாம் இல்லீங்க." இதைச் சொன்னது என் கணவர்.

"தெனமும் போடற மாத்திரை ஏதாச்சும் உண்டுங்களா அக்கா?"

"எனக்குன்னு ஒண்ணுமில்லீங்க. இவரோட பிரஷர் மாத்திரையில பாதி போட்டுக்குவேன்."

செல்வராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பாதிய நான் எந்தக் கட்டத்துலீங்க எழுதறது?"

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு அது நான்கு வருடப் பழக்கம். மலை இறங்கும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் என் குடலைப் புரட்டிவிடும். அதனால் சேலத்து டாக்டரிடம் என் கணவர் மட்டும் போவார். 'ஊட்லயும் இதே மாதிரி கிறுகிறுப்புங்க' என்று என் பங்கையும் சேர்த்துச் சொல்வாராம். 'அவங்களைக் கூட்டிட்டு வாங்க' என்பாராம் டாக்டர். அதை மட்டும் அப்போதெல்லாம் என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் பஸ்ஸை நினைத்தே நான் சோறு தின்னமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை நகத்தால் உடைத்து என் கையில் பாதியை வைப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இல்லைன்னே போட்டுருங்க" என்றார் என் கணவர்.

"போட்டுரலாமுங்க. அங்க போயி அக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பழைய சீட்டெல்லாம் கேப்பாங்க. மறைச்சதுன்னு தெரிஞ்சா கைய விரிச்சிருவாங்க. நெறமாசப் புள்ள தன் பிரசவத்தப் பாக்குமா, உங்களத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுமா? அக்கா பேருல ஒரு டாக்டர் சீட்டு வாங்கியாங்க. அப்பறம் நீங்க சொல்றதப் போடறேன்."

படிவத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று பொழுது சாயும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கணவரோடு சேலம் இறங்கினேன். பிரஷருக்கென்று இந்த முறை போனது ஓர் இதய டாக்டரிடம், என் மகள் வயதுப் பெண். எனக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று குறித்துக்கொண்டு, வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டார்.

"பல்வலிதாங்க. மேடேறுனா மட்டும் வலிக்கும். உக்காந்தா போயிருமுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "உக்காந்தா போற பல்வலி கிடையாதும்மா."

மறுநாள் ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டில் அடைப்பு. ஒன்று ஏறக்குறைய மூடியே இருந்தது. எனக்கு வந்தது ஆஞ்சைனா (இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது வரும் வலி). பலருக்கு அது நெஞ்சில் வரும். சிலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, தாடையிலோ முதுகிலோ கையிலோ வரலாம் என்று டாக்டர் விளக்கினார்.

"பதினஞ்சு நாள்ல பிளேன் ஏறணுமுங்க. மகளுக்குத் தலைப்பிரசவம்" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா வேணும்னா இப்ப ஏறாதீங்க."

பிறகு டாக்டர் என் கணவர் பக்கம் திரும்பி, அவர் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். என்னைவிட அவருக்கு அழுத்தம் கூடுதல். "தினம் ஒண்ணுன்னு எழுதின மாத்திரையப் பாதி போட்டா எப்படிங்க குறையும்? நாலு வருஷமா ரெண்டு பேருமே அரை வைத்தியத்துல இருந்திருக்கீங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகக் கூடுதலாக ஒரு மாத்திரை அட்டை வாங்கிக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன் மருந்தைக் குறைத்து எனக்குத் தந்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. அடைப்பு என்றபோது வராத அழுகை அப்போது வந்தது. இந்த மனிதரை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டிருந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

மணிக்கட்டு வழியாக இரண்டு ஸ்டென்ட் (குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் சிறு கம்பி வலை) வைத்தார்கள். மயக்க மருந்து இல்லை, விழித்தேதான் இருந்தேன். விமானச் சீட்டு ரத்தானது. "வர்றேன்னு சொன்னியேம்மா" என்று ஹசீனா போனில் அழுதாள். பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக்கூடாதென்று, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் நடை, பிறகு பத்து. கடையில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தபோது பேரன் பிறந்தான். மருமகன் வீடியோவில் காட்டினார். துணிக்குள் ஒரு சிவந்த நெற்றி மட்டும் தெரிந்தது. ஹசீனா என்னைப் பார்த்து ஓரிரு வார்த்தைதான் பேசினாள்.

பேரனுக்கு ஆறு மாதம் ஆனபோது, பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தந்தார். செல்வராஜ் மறுபடி வந்தார். இந்த முறை கடையில் கூட்டமில்லாத காலை நேரம் பார்த்து நானே வரச்சொன்னேன். ஒவ்வொரு வரியையும் நானே படித்தேன். ஒரு பாலிசியில் பழைய நோய்க்கு ஒன்றுமே இல்லை. இன்னொன்றில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதுவும் ஒரு வரம்புவரை. மூன்றாவதில் வரம்பு அதிகம். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அத்தனையும் கேட்டார்கள், காத்திருக்கவும் சொன்னார்கள். மூன்றாவதை எடுத்தேன். நோய் விவரம் எழுதக் கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்தோம்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எதற்கெல்லாம் கிடைக்காது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். மாத்திரை யார் பேரில் இருந்தாலும் சொல்லுங்கள், பாதியே ஆனாலும் சொல்லுங்கள். கேள்வி கேட்கிற ஏஜென்ட்டைத் திட்டாதீர்கள்.

"உங்களாலதான் உசுரோட இருக்கேனுங்க" என்று செல்வராஜிடம் சொன்னேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"அட நீங்க வேறங்க அக்கா. பாலிசி தள்ளுபடியானா என் பேருதானுங்க கெடும்."

மெல்பர்ன் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஹசீனா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு மாதப் பிள்ளை. கனமாக இருந்தான். அத்தனை மாதமும் கேட்க பயந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"பிரசவத்துக்கு வரலன்னு என் மேல கோவமா கண்ணு?"

"மொதல்ல நொம்பக் கோவமாத்தான் இருந்துச்சு. பொறவு அத்தா (அப்பா) எல்லாத்தையும் சொன்னாரு." அவள் என் மணிக்கட்டைத் தடவினாள். "அன்னைக்கு நீ பிளேன் ஏறல பாரு, அதுக்குத்தாம்மா தொழும்போதெல்லாம் ஷுக்ர் (இறைவனுக்கு நன்றி) சொல்றேன்."

நான் ஓரிடத்துக்கு வராமல் போனதற்கு ஒருவர் நன்றி சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

பிள்ளை என் நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனான். முன்பெல்லாம் நெஞ்சு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவிருக்காது. அவன் தலைக்கு அடியில் அது துடிப்பது நன்றாகவே தெரிந்தது. அடுப்படியில் பாத்திரம் கிடந்தது, பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. முந்தைய ஜுபைதாவாக இருந்தால் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எழுந்திருப்பாள். அவன் கனத்தில் எனக்குக் கை மரத்துப்போனது. அவனாக விழிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.